124ஏ: தேசியத்தை ஒடுக்க வந்த சட்டம் அதை வளர்த்தது எப்படி?

ஆங்கிலேய ஆட்சி இந்தியாவில் இயற்றிய அடக்குமுறைச் சட்டங்கள் பல. அவற்றுள் நெடுங்காலம் நிலைத்து, விடுதலை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களை அடுத்தடுத்துச் சிறைக்கு அனுப்பிய பெருமை இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவையே சேரும். பால கங்காதர திலகர், வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, மௌலானா அபுல் கலாம் ஆசாத், மகாத்மா காந்தி ஆகிய அனைவரும் இந்தப் பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்டவர்கள்.

அக்காலத் தமிழில் இக்குற்றம் 'ராஜத்துரோகம்' எனப்பட்டது. இன்றைய செய்திகளில் அது 'தேசத்துரோகம்' என்று குறிப்பிடப்படுகிறது. அரசுக்குச் செய்யும் துரோகமும் நாட்டுக்குச் செய்யும் துரோகமும் ஒன்றுதானா என்பதே இந்திய தேசியம் எழுப்பிய அடிப்படைக் கேள்வி. அந்தக் கேள்வி கூர்மையடைந்த இடங்களுள் முதன்மையானவை நீதிமன்றங்கள். வழக்கைத் தொடுத்ததோ அரசு.

பேச்சையும் எழுத்தையும் அடக்குவதற்காக 1870-இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டப் பிரிவு, அடுத்த அரை நூற்றாண்டில் தேசிய இயக்கத்தின் பேச்சு மேடையாக மாறியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விடுபட்டுப் போன ஒரு பிரிவு

இந்தியாவுக்கான தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் அளித்தது. அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு அந்த வரைவில் இருந்தது. வரைவு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்தது. 1857-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பிறகு, கிழக்கிந்திய கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் மகுடத்தின் கைக்கு மாறியது. 1860-இல் தண்டனைச் சட்டம் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நிறைவேறிய சட்டத்தில் ராஜத்துரோகப் பிரிவு இடம்பெறவில்லை. பெரும் கிளர்ச்சி ஒன்றை அப்போதுதான் அடக்கி முடித்திருந்த அரசு இதை விட்டுவிட்டது வியப்புக்குரியது. பின்னாளில் இதுபற்றிப் பேசிய வைஸ்ராய் அவையின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், இது தவறுதலாக நேர்ந்த விடுபாடு என்றே விளக்கம் அளித்தார். வஹாபி இயக்கத்தாரின் பரப்புரை குறித்த அச்சம் அரசைச் சூழ்ந்திருந்த நிலையில், 1870-இல் அவரது முயற்சியால் 124ஏ பிரிவு தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

சட்டம் கேட்டது என்ன?

பேச்சாலோ, எழுத்தாலோ, சைகையாலோ, பிற வழிகளாலோ 'சட்டப்படி நிறுவப்பட்ட அரசின்' மீது பற்றின்மையைத் தூண்டுவதும் தூண்ட முயல்வதும் குற்றம் என்பது இப்பிரிவின் சாரம். இதற்கான அதிகபட்ச தண்டனை ஆயுள் முழுவதும் நாடு கடத்தல், அதாவது அக்காலத் தமிழில் 'தீவாந்தர தண்டனை'. இங்கிலாந்தில் இதே குற்றம் சிறு குற்றங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. தாய்நாட்டில் சிறு குற்றம், ஆளப்படும் நாட்டில் ஆயுள் தண்டனைக்குரிய பெருங்குற்றம் என்ற இந்த வேறுபாடே காலனி ஆட்சியின் இயல்பைக் காட்டிவிடுகிறது.

அரசின் நடவடிக்கைகளைக் குறைகூறுவது குற்றமாகாது என்ற விளக்கமும் பிரிவோடு சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் குறைகூறல், அரசுக்குக் கீழ்ப்படியும் மனநிலையோடு பொருந்தியதாக இருக்க வேண்டும். ஒருவரது செயலை அளவிடும் மற்றச் சட்டங்களிலிருந்து 124ஏ விலகி நின்றது இங்குதான். அது குடிமக்களின் மனத்தை அளவிட முற்பட்டது. அரசின் மீது மக்கள் அன்பு கொண்டிருக்க வேண்டும், அந்த அன்பு குறையுமாறு எவரும் பேசக் கூடாது என்று ஓர் அந்நிய அரசு கோரியது. 'பற்றின்மை' என்ற சொல்லின் பொருள் என்ன, அதை எந்த அளவுகோலால் நிறுப்பது என்பதை நீதிமன்றங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது.

கொல்கத்தா, 1891: முதல் பெரிய வழக்கு

சட்டம் வந்து இருபது ஆண்டுகள் வரை 124ஏ பெரிதாகப் பயன்படுத்தப்படவில்லை. இடையில் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த இந்திய மொழிப் பத்திரிகைச் சட்டம் நாட்டு மொழி ஏடுகளை மட்டும் குறிவைத்தது. ஆங்கில ஏடுகளுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. வங்க மொழியிலும் வெளிவந்துகொண்டிருந்த 'அம்ரித பஜார் பத்திரிகா' இதிலிருந்து தப்ப முற்றிலும் ஆங்கில ஏடாக மாறியது. ரிப்பன் பிரபுவின் காலத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1885-இல் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் இந்திய தேசிய காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியது.

இந்தப் பின்னணியில், 1891-இல் கொல்கத்தாவின் 'வங்கவாசி' இதழ் மீது ராஜத்துரோக வழக்கு தொடுக்கப்பட்டது. அதன் உரிமையாளர் ஜோகேந்திர சந்திர போஸ். மணவாழ்வுக்கான இசைவு வயதைப் பெண்களுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை எதிர்த்து இதழ் கடுமையாக எழுதியிருந்தது. சமூகச் சீர்திருத்தத்தின் கண்கொண்டு பார்த்தால், இதழின் நிலைப்பாடு பழைமைவாதமே. எனினும் அந்நிய அரசு தங்கள் இல்லங்களுக்குள் நுழைகிறது என்ற அதன் முழக்கம் மக்களிடையே பரவியது. தொடக்ககால தேசியத்தில் முற்போக்கும் பழைமைப் பற்றும் ஒன்றோடொன்று கலந்தே இருந்தன என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று.

விசாரித்த தலைமை நீதிபதி காமர் பெத்தரம், பற்றின்மை என்பது அன்புக்கு மாறான உணர்வு, அதாவது வெறுப்பு அல்லது பகைமை என்று ஜூரிகளுக்கு விளக்கினார். ஜூரிகளிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பெரும்பான்மை முடிவை ஏற்க நீதிபதி மறுத்தார். பின்னர் இதழ் தரப்பு வருத்தம் தெரிவிக்கவே, வழக்கு கைவிடப்பட்டது. தண்டனை ஏதுமின்றி முடிந்தாலும், சட்டத்தின் முனை எவ்வளவு கூர்மையானது என்பதை நாட்டின் பத்திரிகை உலகம் உணர்ந்துகொண்டது.

புணே, 1897: திலகரின் முதல் வழக்கு

1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் புணேக்கும் பரவியது. நோயாளிகளைக் கண்டறிவதற்காக வீடுகளைச் சோதனையிடும் பணியில் ராணுவ வீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பெண்களின் அறைகளுக்குள்ளும் பூசையறைக்குள்ளும் அவர்கள் நுழைந்தது நகரத்தைக் கொதிப்படையச் செய்தது. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைர விழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்பிய பிளேக் அதிகாரி வால்டர் சார்லஸ் ராண்டும் ராணுவ அதிகாரி அயர்ஸ்டும் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டனர்.

இந்தக் கொலையில் திலகருக்குத் தொடர்பு இருந்ததாக அரசால் மெய்ப்பிக்க இயலவில்லை. மாறாக, ஒரு வாரம் முன்பு அவரது 'கேசரி' மராத்தி இதழில் வெளிவந்த சிவாஜி விழா உரைகளும் கவிதையும் ராஜத்துரோகமானவை என்று வழக்கு தொடுக்கப்பட்டது. ஜூலை இறுதியில் கைதான திலகருக்குப் பிணை வழங்கியவர் நீதிபதி பத்ருதீன் தையப்ஜி. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவரே.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆர்தர் ஸ்ட்ரேச்சி. பற்றின்மை என்பது அன்பு இல்லாமையே என்று அவர் ஜூரிகளிடம் எடுத்துரைத்தார். வெறுப்பு, பகை, இகழ்ச்சி எனத் தீய எண்ணத்தின் எல்லா வடிவங்களும் அதனுள் அடங்கும் என்றும், அதனால் கலவரம் ஏதும் நிகழ்ந்ததா என்பது பொருட்டல்ல என்றும் விளக்கினார். ஜூரிகள் ஒன்பது பேரில் ஆறு பேர் ஐரோப்பியர், மூவர் இந்தியர். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் திலகர் குற்றவாளி என்று முடிவானது. அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

ஸ்ட்ரேச்சி அளித்த விளக்கத்தின் சாயலில் 1898-இல் சட்டமே திருத்தப்பட்டது. வெறுப்பையும் இகழ்ச்சியையும் தூண்டுவது என்ற சொற்கள் பிரிவில் சேர்க்கப்பட்டன. வகுப்புகளிடையே பகைமை மூட்டுவதைக் குற்றமாக்கும் 153ஏ பிரிவும் அப்போதுதான் பிறந்தது. ஆனால் அரசு எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. புணேயின் பத்திரிகை ஆசிரியராக அதுவரை அறியப்பட்ட திலகர், சிறையிலிருந்து அகில இந்தியத் தலைவராக வெளிவந்தார்.

வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும்

1905 அக்டோபர் 16-இல் கர்சன் பிரபுவின் அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. மாகாணம் பெரிது, நிர்வாகம் கடினம் என்பது அரசு சொன்ன காரணம். எழுச்சி பெற்றுவரும் தேசிய உணர்வைப் பிளப்பதே நோக்கம் என்று மக்கள் கருதினர். அந்நியத் துணி புறக்கணிப்பும் சுதேசித் தொழில்களும் நாடெங்கும் பரவின. மனு எழுதி முறையிடும் அரசியல் பின்வாங்கி, கடைவீதியிலும் ஆலையிலும் நடக்கும் அரசியல் முன்னுக்கு வந்தது.

அரசும் தன் ஆயுதங்களைப் பெருக்கியது. ராஜத்துரோகக் கூட்டங்களைத் தடுக்கும் சட்டம் 1907-இலும், பத்திரிகைக் குற்றத் தூண்டுதல் சட்டம் 1908-இலும், புதிய அச்சகங்களிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கோரிய பத்திரிகைச் சட்டம் 1910-இலும் வந்தன. 1907-இல் 'வந்தே மாதரம்' இதழ் தொடர்பாக அரவிந்த கோஷ் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அதில் சாட்சியம் அளிக்க மறுத்த விபின் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. அரவிந்தர் விடுதலையானார். விபின் சந்திர பாலின் சிறைவாசமோ தென்கோடியில் ஒரு பெரும் நிகழ்வுக்கு வித்திட்டது.

தூத்துக்குடி, 1908: கப்பலும் கடுந்தண்டனையும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வணிகத்தில் ஆங்கிலேய நிறுவனம் கொண்டிருந்த ஆதிக்கத்தை எதிர்த்து, வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். வணிகர், தொழிலாளர், படித்தவர் என மூன்று தரப்பினரும் ஒரே இயக்கத்தில் இணைந்தது மாவட்ட நிர்வாகத்தைக் கலங்க வைத்தது.

விபின் சந்திர பால் விடுதலையான நாளான மார்ச் 9-ஐக் கொண்டாடுவதற்கு ஏற்பாடுகள் நடந்தன. மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர்.

1908 ஜூலை 7-இல் கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு ராஜத்துரோகப் பேச்சுக்காக ஓர் ஆயுள் தீவாந்தர தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றோர் ஆயுள் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டன. சிவாவுக்குப் பத்தாண்டுகள் விதிக்கப்பட்டன. இந்தியாவில் வழங்கப்படும் இத்தகைய தண்டனைகளின் கடுமை குறித்து, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லியே வைஸ்ராய் மிண்டோவுக்குக் கவலையோடு எழுதினார். சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது.

கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுக்க வைக்கப்பட்டார். அரசியல் கைதி என்ற தகுதி இல்லை, சாதாரணக் குற்றவாளிக்குரிய நடைமுறையே அவருக்கும் பொருந்தியது. பின்னாளில் தமிழர்களின் நினைவில் தீர்ப்பின் சொற்கள் மறைந்து போயின, செக்கின் படிமம் நிலைத்தது.

மும்பை, 1908: இருபத்தொரு மணி நேர உரை

அதே ஆண்டு ஏப்ரல் 30-இல் பீகாரின் முசாபர்பூரில் குதிராம் போசும் பிரபுல்ல சாக்கியும் மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்துக் குண்டு வீசினர். அவர் தப்பினார், வேறொரு வண்டியில் வந்த ஆங்கிலேயப் பெண்கள் இருவர் உயிரிழந்தனர். இது குறித்துத் திலகரின் 'கேசரி' எழுதிய கட்டுரைகள் வன்முறையை நாட்டின் துரதிருஷ்டம் என வருணித்தன. அடக்குமுறையே குண்டுக்கு வழிவகுத்தது, சுயாட்சியே அதற்கு மருந்து என்றும் வாதிட்டன. ஜூன் 24-இல் திலகர் மீண்டும் கைது செய்யப்பட்டார்.

இம்முறை அவரது பிணை மனுவுக்காக வாதாடியவர் முகமது அலி ஜின்னா. மனுவை மறுத்தவர் நீதிபதி தின்ஷா தாவர். 1897-இல் திலகருக்குப் பிணை பெற்றுத் தந்த வழக்கறிஞர் இதே தாவர் என்பது வரலாற்றின் விசித்திரம்.

திலகர் தாமே வாதாட முடிவு செய்தார். பல நாள்களில் மொத்தம் 21 மணி நேரத்துக்கும் மேலாக அவர் பேசினார். மராத்தியில் எழுதிய கட்டுரைகளை அரசு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கியதில் பொருள் திரிந்துவிட்டது என்று சொல் சொல்லாகச் சுட்டிக்காட்டினார். மராத்தி அறியாத ஜூரிகள், மராத்தி வாசகரின் மனத்தில் ஒரு கட்டுரை எந்த உணர்வை எழுப்பும் என்பதை முடிவு செய்யும் முரண்பாடு வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு ஜனநாயக நாட்டில் பத்திரிகையின் கடமை என்ன, அரசின் கொள்கையை எதிர்ப்பது எப்படிக் குற்றமாகும் என்ற கேள்விகளை அவர் விரிவாக எழுப்பினார்.

ஏழு ஐரோப்பியர் குற்றவாளி என்றனர், இரண்டு பார்சிகள் குற்றவாளி அல்லர் என்றனர். ஆறு ஆண்டு நாடு கடத்தலும் 1,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. தீர்ப்புக்கு முன், இந்த நீதிமன்றத்துக்கும் மேலான சக்தி ஒன்று உண்டு என்றும், தாம் சுதந்திரமாக இருப்பதைவிடத் துன்புறுவதால் தம் இலட்சியம் தழைக்கக்கூடும் என்றும் திலகர் கூறினார். அச்சொற்கள் இன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் பளிங்குப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆறு ஆண்டுத் தண்டனைக்கு ஈடாக, ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் மும்பையின் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியத் தொழிலாளர்கள் அரசியல் காரணத்துக்காக இவ்வளவு பெரிய அளவில் வேலையை விட்டு வெளியேறியது அதுவரை நிகழாதது. ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின் அதே ஆண்டில் தம் கட்டுரையொன்றில் இதைக் குறிப்பிட்டார்.

மேடையானது எப்படி?

இந்த மாற்றத்தின் இயக்கம் எளிமையானது. ராஜத்துரோகமான கட்டுரையை மறுபதிப்புச் செய்தால் அதுவும் குற்றம். ஆனால் நீதிமன்ற நடவடிக்கையைச் செய்தியாக வெளியிடுவதை அரசால் எளிதில் தடுக்க இயலவில்லை. எனவே சில ஆயிரம் மராத்தி வாசகர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரை, வழக்கின் வழியாக ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் நாடெங்கும் படிக்கப்பட்டது. திலகர் வழக்கின் விசாரணை முழுவதும் நூலாகவே வெளிவந்தது.

சட்டத்தின் சொல்லாட்சியும் இதற்குத் துணை செய்தது. ஒருவர் அடித்தார், திருடினார் என்பது குற்றச்சாட்டாக இருந்திருந்தால், மறுப்பும் அந்தச் செயலைச் சுற்றியே அமைந்திருக்கும். 'அரசின் மீது மக்களுக்குள்ள அன்பைக் கெடுத்தார்' என்பது குற்றச்சாட்டு என்பதால், அந்த அரசு அன்புக்கு உரியதா என்ற விவாதம் நீதிமன்றத்துக்குள் தவிர்க்க முடியாததாயிற்று. வரிச்சுமை, பஞ்சம், நசிந்த கைத்தொழில், ஒருதலைப்பட்சமான நீதி ஆகியவை எல்லாம் குற்றவாளிக் கூண்டிலிருந்து பேசப்பட்டன.

இழப்பின் கணக்கு

இதைக் கொண்டு சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. குறுகிய காலத்தில் அது தன் வேலையைச் செய்யவே செய்தது. வ.உ.சி. சிறையில் இருக்கும்போதே அவரது கப்பல் நிறுவனம் நொடித்துக் கலைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்ததால் பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். சிவா உடல் நலிந்து வெளியே வந்தார். 'இந்தியா' இதழின் சட்டப்படியான பொறுப்பாளர் சிறை சென்றார், அதற்கு எழுதிவந்த சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரியில் பத்தாண்டுகள் தஞ்சம் புகுந்திருந்தார். திலகர் மாண்டலே சிறையில் ஆறு ஆண்டுகளைக் கழித்தார், அவரது மனைவி அக்காலத்திலேயே காலமானார்.

வெளிப்படையான அரசியலுக்கு இடமில்லாமற்போனபோது சிலர் மறைமுக வழியை நாடினர். 1908-இல் தூத்துக்குடியில் பணியாற்றி, பின்னர் திருநெல்வேலி ஆட்சியரான ஆஷ், 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய புரட்சி இயக்கங்களை ஆராய 1917-இல் அமைக்கப்பட்டதே ரௌலட் குழு. அதன் அதிகாரபூர்வப் பெயரே 'ராஜத்துரோகக் குழு' என்பதுதான். அதன் பரிந்துரையால் வந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதற்கு எதிரான போராட்டத்தின் நடுவே ஏப்ரல் 13-இல் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அரசின் கணக்குப்படியே 379 பேர் மாண்டனர். அன்பைக் கோரிய அரசின் தார்மீகத் தகுதி அந்த மைதானத்தில் குலைந்தது.

அகமதாபாத், 1922: குற்றத்தை ஒப்புக்கொண்ட காந்தி

ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த 1922 பிப்ரவரியில், ஐக்கிய மாகாணத்தின் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டு, 20-க்கும் மேற்பட்ட காவலர்கள் கொல்லப்பட்டனர். காந்தி இயக்கத்தை நிறுத்தினார். மார்ச் 10-இல் அரசு அவரைக் கைது செய்தது. 'யங் இந்தியா' இதழில் அவர் எழுதிய மூன்று கட்டுரைகளே குற்றச்சாட்டின் அடிப்படை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கொல்கத்தாவில் ஆசாத்துக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டிருந்தது.

மார்ச் 18-இல் அகமதாபாதில் நீதிபதி பிரூம்ஃபீல்டு முன்னிலையில் நடந்த விசாரணை ஒரே நாளில் முடிந்தது. தம் தொழில் உழவும் நெசவும் என்று காந்தி பதிவு செய்தார். திலகர் தம் எழுத்து ராஜத்துரோகம் ஆகாது என்று வாதாடினார். காந்தி அந்த வாதத்தையே கைவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். குடிமக்களின் உரிமையை நசுக்கும் அரசியல் பிரிவுகளுள் 124ஏ இளவரசன் போன்றது என்று வருணித்தார். அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது என்றார். இந்தியாவுக்கு முந்தைய எந்த ஆட்சியைவிடவும் அதிகத் தீங்கு செய்த அரசின் மீது பற்றில்லாதிருப்பதைத் தாம் அறமாகக் கருதுவதாகவும், சட்டப்படி உரிய அதிகபட்ச தண்டனையை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்.

கோடிக்கணக்கான மக்களின் கண்களில் காந்தி பெருந்தேசபக்தர் என்பதை மறுக்க இயலாது என்று நீதிபதியே தம் தீர்ப்பில் கூறினார். திலகருக்கு அளிக்கப்பட்டதை முன்மாதிரியாகக் காட்டி ஆறு ஆண்டு வெறுங்காவல் விதித்தார். பின்னாளில் அரசு இதைக் குறைத்தால் தம்மைவிட மகிழ்பவர் எவரும் இருக்கமாட்டார் என்றும் சேர்த்துக்கொண்டார். அரை நூற்றாண்டுக்கு முன் ஸ்டீபன் வரைந்த பிரிவின் உள்முரண் அன்று முழுமையாக வெளிப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் அச்சமின்றி ஒப்புக்கொண்ட பிறகு, அச்சுறுத்துவதற்கென்றே இயற்றப்பட்ட சட்டத்துக்கு வேலை இல்லாமற்போனது.

சட்டத்துக்கு இரண்டு பொருள்கள்

1942-இல் நிகரேந்து தத் மஜும்தார் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் வேறொரு விளக்கத்தை அளித்தார். பொது ஒழுங்கு குலைவதும் அதற்கான வாய்ப்புமே இக்குற்றத்தின் சாரம், அரசின் தற்பெருமை புண்படுவது குற்றமாகாது என்பது அவரது கருத்தின் பொருள். ஆனால் 1947-இல் லண்டனின் பிரிவி கவுன்சில் இந்த விளக்கத்தை ஏற்காமல், ஸ்ட்ரேச்சியின் பழைய விரிந்த பொருளையே நிலைநிறுத்தியது. நாடு விடுதலை பெற்றபோது ராஜத்துரோகச் சட்டம் தன் கடுமை குறையாமல் இந்தியாவின் கைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின்

அரசமைப்பு நிர்ணய சபையின் வரைவில், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களுள் ராஜத்துரோகமும் இடம்பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் கே.எம்.முன்ஷி அச்சொல்லை நீக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அரசைக் குறைகூறுவதே ஜனநாயகத்தின் உயிர் என்பது அவரது வாதத்தின் மையம். சபை அதை ஏற்றது. அரசமைப்பின் 19-ஆவது பிரிவில் அச்சொல் இல்லை.

எனினும் தண்டனைச் சட்டத்தில் 124ஏ நீடித்தது. அது தமக்கு மிகவும் ஏற்பில்லாத பிரிவு என்று 1951-இல் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் நேருவும் அதை நீக்கவில்லை. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என அறிவித்தாலும், வன்முறையையோ பொது ஒழுங்குக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று எல்லை வகுத்தது. குவையரின் விளக்கம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய நீதிமன்றத்தில் உயிர் பெற்றது.

2009-இல் இங்கிலாந்து தன் ராஜத்துரோகக் குற்றத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கியது. 2022 மே 11-இல் இந்திய உச்ச நீதிமன்றம் 124ஏ பிரிவின் செயல்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சம்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்திய தண்டனைச் சட்டத்தோடு அப்பிரிவும் முடிவுக்கு வந்தது. புதிய சட்டத்தின் 152-ஆவது பிரிவில் அரசின் மீதான 'பற்றின்மை' என்ற சொல் இல்லை. நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஊறு விளைவிக்கும் செயல்கள் அதில் குற்றமாக்கப்பட்டுள்ளன. இதற்கு ஆயுள் தண்டனையோ ஏழு ஆண்டுகள் வரையிலான சிறையோ விதிக்கப்படலாம். இம்மாற்றம் காலனிய மரபிலிருந்து விலகல் என்று ஒரு தரப்பும், பெயர் மாறிய தொடர்ச்சி என்று மற்றொரு தரப்பும் வாதிடுகின்றன.

அந்த விவாதம் எவ்வாறு முடிந்தாலும், 1870-க்கும் 1922-க்கும் இடைப்பட்ட வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஆட்சியாளர்களின் மீது அன்பு இல்லாதவர்கள் நாட்டின் மீது அன்பு கொண்டவர்களாக இருக்க முடியும் என்பதைத் தங்கள் சிறைவாசத்தால் மெய்ப்பித்தவர்களே இந்திய தேசியத்தை உருவாக்கியவர்கள். தூத்துக்குடியிலும் மும்பையிலும் அகமதாபாதிலும் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இன்று துறைமுகத்துக்கும் சாலைகளுக்கும் சூட்டப்பட்டுள்ளன. அவர்களைத் தண்டித்த சட்டத்தின் பிரிவு எண், சட்ட வரலாற்றில் மட்டும் எஞ்சியுள்ளது.